மாதா காதில் விழவில்லையா?

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா வாதம் வந்து படுத்துவிட்டார், ஆட்டோ வாசலில் சும்மா நிற்கிறது, பி.காம். இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டு கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஜவுளிக்கடைக்குப் போகிறேன் என்று எழுதிவிட்டு, கடைசியில் கேட்டிருக்கிறாய்: "ஒன்பது நாளும் காவிச் சேலை கட்டி நவநாளுக்குப் போனேனே பெரியம்மா, மாதா காதில் விழவில்லையா?"

கேட்டதில் தப்பே இல்லை. யோபு கேட்காத கேள்வியா? திருப்பாடல்களில் எத்தனை முறையீடு! புனித பவுல் தன் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடச் சொல்லி மூன்று முறை மன்றாடினார். முள் போகவில்லை. அதோடுதான் ஊர் ஊராக நடந்தார், கூடாரத் தொழில் செய்து பிழைத்தார். "எல்லாம் பாவத்தின் சம்பளம்" என்று உன் வீட்டுக்கு வந்து சொல்பவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடு. யோபுவின் நண்பர்களும் அதைத்தான் சொன்னார்கள். கடவுள் கோபித்துக்கொண்டது அவர்களிடம்.

நீ மெழுகுவத்தி ஏற்றும் பெங்களூர் சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவின் பழைய கதை உனக்குத் தெரியுமா? அன்று அந்தப் பகுதிக்குப் பெயர் பிளாக்பள்ளி. செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நம் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அங்கே நெல் பயிரிட்டார்கள். 1803 வாக்கில் அவர்களுக்கு ஒரு சின்னக் கோயில் எழுப்பியவர் துபுவா சாமியார் என்ற பிரெஞ்சுக்காரர். திப்பு காலத்துத் துன்பத்தில் சிதறிப்போன சபையைத் திரட்ட மைசூர்ச் சீமைக்கு வந்தவர்.

அந்நாளில் பெரியம்மை வந்த வீட்டில் பிள்ளை பிழைப்பது நிச்சயமில்லை. சாமியார் செபமாலையோடு நிறுத்திக்கொள்ளவில்லை, ஊசியையும் எடுத்தார். ஜென்னர் இங்கிலாந்தில் அம்மைக் குத்தலைக் கண்டுபிடித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. குளிர்பெட்டி கிடையாது. ஒரு பிள்ளையின் கையில் குத்தினால் ஒரு வாரத்தில் கொப்புளம் எழும்பும். அதன் நீரை எடுத்து அடுத்த பிள்ளையின் கையில் குத்த வேண்டும். இடையில் ஒரு தாய் பயந்து பிள்ளையை மறைத்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். முன்பின் தெரியாத வெள்ளைக்காரன் கீறுவதற்குப் பிள்ளையின் கையை நீட்ட எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? ஆனாலும் 1803-04இல் மட்டும் 25,000 பேருக்கு மேல் அம்மை குத்தியதாகக் கணக்கு இருக்கிறது.

இன்றுள்ள கோபுரக் கோயில் 1882இல் எழுந்தது; 1973இல் பசிலிக்கா ஆனது. நடுவே, 1898இல் பிளேக் வந்தது. சனங்கள் ஆரோக்கிய மாதாவிடம் ஓடினார்கள். ஊரைவிட்டும் ஓடினார்கள். மாதா காப்பாற்றினாள் என்று இன்றும் சொல்கிறோம். செத்தவர்களையும் அதே கோயிலார்தான் அடக்கம் செய்தார்கள். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்கத் தெரியாத பக்தி முதல் அடியிலேயே உடைந்துபோகும் என்பது என் எண்ணம்.

ஆகவே, மாதாவிடம் சண்டை போடு. பேச்சை மட்டும் நிறுத்தாதே. அப்பாவுக்கு மந்திரித்த எண்ணெய் தடவினால் போதும் என்று சிலர் சொல்வதாக எழுதியிருக்கிறாய், தடவட்டும். பிசியோதெரபியை ஒரு நாளும் விடாதே. வாதம் வந்த கை கால் திரும்புவதற்கு முதல் சில மாதங்கள்தான் முக்கியம்.

படிப்பை விட்டதாகவும் சொல்லாதே. இக்னோவில் ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை உண்டு. கடைக்குப் போய்க்கொண்டே முடிக்கலாம். பணத்துக்கு, ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தையைப் பார். வின்சென்ட் தே பவுல் சபை என்று ஒன்று இருப்பதே உன்னைப் போன்ற வீடுகளுக்காகத்தான். கேட்பதற்குக் கூச்சப்படாதே, கண்ணு.

அன்புடன்,
பெரியம்மா