புகையை மறுக்கப் பழகுதல்

திண்டுக்கல் சுருட்டு கடல் கடந்தும் பெயர் பெற்றது. வேடசந்தூரில் 1948இல் புகையிலை ஆராய்ச்சி நிலையமே நிறுவப்பட்டது. ஆதலால் நெய்க்காரப்பட்டிப் பிள்ளைகளுக்குப் புகையிலை அயற்பொருள் அன்று.

ஆசிரியப் பயிற்சியில் கற்றபடி நாம் கரிந்த நுரையீரல் படத்தைக் காட்டினோம். மாணவர் அஞ்சினர், மாலையில் தந்தைக்குப் பீடி வாங்கக் கடைக்கும் சென்றனர்! நம் பாடத்தின் குறை அப்போதுதான் விளங்கிற்று. பின்னர், நண்பன் நீட்டினால் எவ்வாறு மறுப்பது என்பதை வகுப்பிலேயே நடித்துப் பழக்கினோம்.

18 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

நாள் குறித்து விரதம் ஏற்பது நமக்குப் புதிதன்று. புகையை விடும் நாளையும் அவ்வாறே குறிக்க. வேட்கை எழுந்தால் நீர் அருந்திச் சில நிமிடம் பொறுக்க, தணியும். 1800-11-2356 என்னும் கட்டணமில்லா எண்ணில் அறிவுரை பெறலாம். ஓராண்டில் இதயநோய் அபாயம் ஏறத்தாழப் பாதியாகும். முதற்சில நாட்கள் அவருக்குச் சினம் மிகும். வீட்டார் அதைப் பொறுத்துக்கொள்க.