இளம் விளையாட்டாளர்களும் தாது உப்புகளும்



திடல்தடப் போட்டியும் குறுக்கோட்டமும் நெருங்கும்போது, நம் பிள்ளைகள் வெயிலென்றும் பாராது ஓடிப் பழகுகின்றனர். காலணியிலும் சீருடையிலும் நாம் செலுத்தும் கவனம், அவர்தம் உடலினுள்ளே பணிபுரியும் தாது உப்புகளின்பால் செல்வதில்லை. பாதி ஓட்டத்தில் தலை சுற்றி அமர்ந்துவிடும் மாணவனையும், நன்றாக ஓடிவந்து சில மாதங்களில் எளிதில் களைத்துப்போகும் மாணவியையும் 'பயிற்சி போதாது' என்று கூறிவிடுகிறோம். குறை சில வேளைகளில் பயிற்சியில் இல்லை. சோற்றுத் தட்டில் இருக்கின்றது. அதனைச் சற்று ஆராய்வோம்.

தாது உப்புகளின் பணி

சோறும் ரொட்டியும் உடலுக்கு ஆற்றல் தருகின்றன. தாது உப்புகள் ஆற்றல் தருவதில்லை. எனினும் அவையின்றித் தசை சுருங்கி விரியாது. நரம்பு செய்தி கொண்டு செல்லாது. எலும்பு உறுதி பெறாது. இரத்தம் உயிர்வளியைச் சுமக்காது. இவற்றை உடல் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. உணவின் வழியாகவே பெறுதல் வேண்டும்.

சோடியம்

ஓடும்போது தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. வியர்வை ஆவியாகி அவ்வெப்பத்தைத் தணிக்கின்றது. வியர்வை உவர்ப்பதற்குக் காரணம் அதிலுள்ள சோடியமும் குளோரைடும் ஆகும். வளர்ந்தோரின் ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ 1 கிராம் சோடியம் வெளியேறலாம். இது சுமார் அரைத் தேக்கரண்டி உப்புக்குச் சமம். சிறுவர்தம் வியர்வையில் இவ்வளவு சற்றுக் குறைவு.

1930களில் அமெரிக்காவில் ஹூவர் அணையைக் கட்டிய தொழிலாளர்கள் கடும் வெயிலில் தசைப்பிடிப்பால் துன்புற்றனர். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களை ஆராய்ந்து, வியர்வையோடு போன உப்பை ஈடுசெய்தால் அத்துன்பம் நீங்கும் எனக் கண்டனர். நாள் முழுதும் வெயிலில் செம்பனைக் குலை அறுக்கும் நம் பெற்றோர்க்கும் இது பொருந்தும். ஆயினும் எல்லாத் தசைப்பிடிப்புக்கும் உப்புக் குறைவே காரணம் என்று கருதலாகாது. தசைகளின் களைப்பும் காரணமாகலாம்.

அளவுக்கு மிஞ்சினால்

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்னும் பழமொழி தண்ணீருக்கும் பொருந்தும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் நகர மாரத்தான் ஓட்டத்தில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தம் சோதிக்கப்பட்டது. நூற்றுக்குப் பதின்மூவர்க்கு இரத்தச் சோடியம் இயல்பான அளவைவிடத் தாழ்ந்திருந்தது. மிகுதியாக நீரருந்தி, ஓட்டத்தின் முடிவில் உடல் எடை கூடியிருந்தோரிடமே இக்குறை அதிகம் காணப்பட்டது. உப்பு அளவிறந்து நீர்த்துப்போனால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து நேரும். எனவே, தாகத்திற்கேற்பச் சிறிது சிறிதாக அருந்துதலே நன்று.

உப்பு மிகுதலும் தீதே. வளர்ந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பு உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாட்டிலும் உடனடி மீயிலும் நொறுக்குத் தீனியிலும் உப்பு மிகுதி. ஒரு மணி நேரப் பயிற்சிக்குத் தண்ணீரும் வழக்கமான உணவும் போதும். உப்பு மாத்திரை வேண்டா. விலையுயர்ந்த புட்டிப் பானமும் வேண்டா.

பொட்டாசியம்

சோடியம் உயிரணுக்களின் புறத்தே மிகுந்திருக்க, பொட்டாசியம் அகத்தே மிகுந்திருக்கும். இவ்விரண்டும் இடம் பெயர்வதாலேயே நரம்புச் செய்தி ஓடுகின்றது. இதயம் சீராகத் துடிக்கின்றது. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. கீரை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, இளநீர் ஆகியனவும் இதனைத் தருவன. வீட்டுக் கொல்லையில் கிடைப்பதைக் கடையில் தேடுவானேன்?

கால்சியம்

உடலிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் உள்ளது. உணவில் அது குறையுமானால், இரத்தம் தனக்கு வேண்டியதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். வளரும் பதின்ம வயதினர்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1300 மில்லிகிராம் தேவை. ஒரு குவளைப் பாலில் ஏறத்தாழ 300 மில்லிகிராமும், 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவும் கிடைக்கும். முள்ளோடு உண்ணும் நெத்திலியும் நல்லது; அதன் உப்பு நீங்க நன்கு கழுவிச் சமைக்கவும்.

இரும்புச்சத்து

உடலின் இரும்பில் பெரும்பங்கு இரத்தச் சிவப்பணுக்களில் உள்ளது. நுரையீரலிலிருந்து தசைக்கு உயிர்வளியைச் சுமப்பது அதுவே. அது குறைந்தால் எத்துணைப் பயிற்சி செய்யினும் மூச்சு வாங்கும், முகம் வெளிறும், பாடத்திலும் மனம் ஒன்றாது. பருவமெய்திய மாணவியர்க்கு இக்குறை எளிதில் நேரும். வெறுங்காலோடு நடப்பதால் உடலுட் புகும் கொக்கிப்புழுவும் இரத்தத்தைக் குறைக்கும்.

ஈரல், இறைச்சி, மீன், பருப்பு, கீரை ஆகியவற்றில் இரும்பு உண்டு. ஆனால், உணவோடு தேநீர் அருந்தினால், குறிப்பாகப் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடலிற் சேர்வது தடைப்படும். பெற்றோர்களே, சோற்றோடு தேநீர் தரும் வழக்கத்தை விடுங்கள். மாறாக, எலுமிச்சையோ கொய்யாவோ கொடுங்கள். அவற்றிலுள்ள உயிர்ச்சத்து 'சி' இரும்பு சேரத் துணைபுரியும். இரும்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தரலாகாது. அதனை மிகுதியாக விழுங்கினால் சிறு குழந்தைகளுக்கு உயிராபத்து, கைக்கெட்டாமல் வைத்திடுங்கள்.

போட்டி நாளில் கருத்தில் கொள்க

1. வெறும் வயிற்றோடும் வரக்காப்பியோடும் திடலுக்கு வரலாகாது. ஓட்டத்திற்கு இரண்டு மூன்று மணி நேரத்திற்கு முன் பசியாற வேண்டும்.

2. இடையிடையே நீரருந்துக. போட்டி நீண்டால், அதனோடு வாழைப்பழமும் சிறிது உப்பிட்ட உணவும் உண்க.

3. சிறுநீர் அடர் மஞ்சளாக இருப்பின் நீர் போதவில்லை என்று அறிக.

4. தலைவலி, வாந்தி, மயக்கம் தோன்றினால் ஓட்டத்தை நிறுத்தி ஆசிரியரிடம் கூறுக. அதில் இழுக்கொன்றுமில்லை.

5. ஒருவர் உடல் கொதித்து, நிலைதடுமாறிப் பிதற்றினால் அது வெப்பத் தாக்கம். நிழலுக்குக் கொண்டு சென்று, உடல் முழுதும் நீரூற்றி விசிறுக. உடனே மருத்துவமனைக்கு அனுப்புக. நினைவு தவறியவர்க்கு நீர் புகட்டலாகாது.

மாணவர்களே, தாது உப்புகளின் சமநிலை போட்டி நாளன்று ஒரே காலையில் அமைவதன்று. நாள்தோறும் உண்ணும் உணவால் அமைவது. தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கும் கீரையை இன்று முதல் உண்ணுங்கள். பெற்றோர்களே, பரிசுக் கிண்ணத்தைப் பிறிதோர் ஆண்டிலும் வெல்லலாம். பிள்ளையின் உடல்நலமே முதற்பரிசு என்பதை மனத்தில் இருத்துங்கள்.