சூதாட்ட மேசையும் வியாபாரியின் பேரேடும்



இந்தப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சூது. “சூது ஹராம் என்பது மதரஸாவில் முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியுமே, இதில் படிக்க என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று நம் கடைகளில் வேலை செய்யும் வாலிபர்களும், ஏன், நம் வீட்டுப் பிள்ளைகளுமே வேறு விதமாகக் கேட்கிறார்கள். “போக்கர் என்பது அதிர்ஷ்ட ஆட்டமல்ல, மூளை ஆட்டம், நீங்கள் சரக்கு வாங்கி விலை ஏறுமா இறங்குமா என்று காத்திருப்பதைப் போலத்தான் இதுவும்” என்கிறார்கள். இதற்கு “ஹராம்” என்ற ஒரு சொல்லை மட்டும் பதிலாகச் சொன்னால் பிள்ளை வாயை மூடிக்கொள்வான், மனம் திரும்பமாட்டான். ஆகவே மார்க்கம் சொல்வதையும், கணக்குச் சொல்வதையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். நாம் வியாபாரிகள், கணக்கு நமக்குப் புரியும் பாஷை.

1. மைஸிர் என்றால் என்ன?

திருமறையில் சூதுக்கு வந்துள்ள சொல் ‘மைஸிர்’. இது ‘யுஸ்ர்’, அதாவது எளிமை என்ற சொல்லோடு உறவுடையது என்பர். உழைப்பின்றி எளிதில் கைக்கு வரும் பொருள் என்பது கருத்து.

அறியாமைக் காலத்து அரபிகளின் மைஸிர் இப்படி நடந்தது. ஓர் ஒட்டகத்தை விலை பேசி அறுப்பார்கள். பத்து அம்புகளைப் பைக்குள் போட்டுக் குலுக்குவார்கள். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்கு உண்டு. மூன்று அம்புகள் வெற்று அம்புகள். வெற்று அம்பு யாருக்கு வந்ததோ அவர்கள் தலையில் ஒட்டகத்தின் விலை விழும். வென்றவர்களோ இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, அதைப் பெருமையாகப் பேசிக் கொள்வார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சூதின் பலன் ஏழையின் வயிற்றுக்குத்தான் போயிற்று. அப்படியிருந்தும் அல்லாஹ் அதை அனுமதிக்கவில்லை. சூரத்துல் பகரா 219ஆம் வசனத்தில், மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன்கள் உண்டென்று ஒப்புக்கொண்டே, அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்று உணர்த்தப்படுகிறது. பின்னர் சூரத்துல் மாயிதா 90, 91ஆம் வசனங்களில் முழுத் தடையும் அதன் காரணங்களும் வந்தன. சூதின் வழியாக ஷைத்தான் மனிதருக்குள் பகையையும் வெறுப்பையும் மூட்டுகிறான். இறை நினைவையும் தொழுகையையும் விட்டுத் திருப்புகிறான். இந்த இரண்டு காரணங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அவற்றை மேசையருகே காண்போம்.

2. நம் காலத்து மேசை

நம் நாட்டில் சூது மனை என்றால் எல்லாருக்கும் நினைவு வருவது கெந்திங் மலை. 1969இல் அதற்கு உரிமம் கிடைத்தது. 1971இல் முதல் ஓட்டல் திறக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2010இல் இரண்டு சூது மனைகள் திறக்கப்பட்டன. அங்கே உள்ளூர்க்காரர் உள்ளே போகவே நாளொன்றுக்கு 100 வெள்ளி கட்டணம் வைத்தார்கள். 2019இல் அதை 150 வெள்ளியாக உயர்த்தினார்கள். தன் மக்கள் உள்ளே போவதைத் தடுக்க ஓர் அரசாங்கம் வாசலிலேயே தண்டம் வைக்கிறதென்றால், உள்ளே இருப்பது எத்தகைய சரக்கு என்று வியாபாரிக்கு விளக்க வேண்டியதில்லை.

கெந்திங் சூதுக்கூடத்தில் முஸ்லிம்கள் நுழைய அனுமதி இல்லை. ஆகவே இது நமக்குத் தொடர்பில்லாத விஷயம் என்று இருந்துவிடலாமா? முடியாது. கைப்பேசிக்கு வாசற்காவல் கிடையாது. அந்தப் போக்கர் மேசை இப்போது ஆயர் தாவாரில் நம் கடையின் பின்கட்டிலும், பிள்ளை படுத்திருக்கும் அறையிலும் விரிக்கப்படுகிறது.

3. ஓர் இரவின் கணக்கு

போக்கர் ஆட்டம் எப்படி நடக்கிறதென்று தெரிந்தால்தான் கணக்குப் புரியும். ஒரு மேசையில் ஒன்பது பேர் அமர்கிறார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டுகள் மறைவாகக் கொடுக்கப்படும். நடுவில் ஐந்து சீட்டுகள் பொதுவாகத் திறக்கப்படும். கையில் உள்ள சீட்டை நம்பிப் பணத்தை நடுவே தள்ளுவார்கள். முடிவில் உயர்ந்த சீட்டு உடையவனுக்குக் குவியல் போய்ச் சேரும். ஒவ்வோர் ஆட்டத்திலும் இருவர், சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் பணம் வைக்கவேண்டும். இது முறைவைத்து எல்லாரிடமும் வரும். மனைக்காரன் குவியலில் ஒரு பங்கை வெட்டி எடுத்துக்கொள்வான். விகிதம் இடத்துக்கு இடம் மாறும். நூற்றுக்கு ஐந்து என்பது பல இடங்களில் உள்ள வழக்கம்.

இனி உதாரணமாக ஒரு கணக்குப் போடுவோம். ஒன்பது பேரும் ஆளுக்கு 500 வெள்ளி கொண்டு வருகிறார்கள். மேசையின் முதல் 4,500 வெள்ளி. மணிக்கு 27 ஆட்டம். குவியல் சராசரி 100 வெள்ளி. மனையின் வெட்டு 5 வெள்ளி. ஒரு மணிக்கு 135 வெள்ளி. இரவு 9 மணிக்கு அமர்ந்து 3 மணிக்கு எழுந்தால் ஆறு மணி நேரத்தில் 810 வெள்ளி. மேசையில் மீதி 3,690 வெள்ளி. ஒன்பது பேரும் சம திறமையும் சம அதிர்ஷ்டமும் உடையவர்களாக இருந்தால்கூட, ஆளுக்கு 410 வெள்ளியோடுதான் எழுவார்கள். யாரும் யாரிடமும் தோற்காமலே ஒவ்வொருவரும் 90 வெள்ளி தோற்றிருக்கிறார்கள்! சீட்டையே தொடாத மனைக்காரன் ஒருவனே நிச்சயமாக வென்றவன்.

“நான் அவசரப்படமாட்டேன், நல்ல சீட்டு வரும்வரை காத்திருப்பேன்” என்பான் புத்திசாலி. காத்திருக்கட்டும். கட்டாயப் பணம் 2 வெள்ளியும் 5 வெள்ளியும் என்றால், ஒரு சுற்றுக்கு 7 வெள்ளி அவன் கையைவிட்டுப் போகும். மணிக்கு மூன்று சுற்று. ஆறு மணி நேரத்தில் 126 வெள்ளி. சும்மா உட்கார்ந்திருந்ததற்கு வாடகை இது.

அவன் காத்திருப்பது எதற்காக? ஆட்டத்திலேயே சிறந்த கை இரண்டு ஏஸ். 52 சீட்டுகள் கொண்ட கட்டில் அது 221 ஆட்டத்திற்கு ஒரு முறைதான் வரும், அதுவும் சராசரியாக. ஆறு மணி நேரத்தில் நடப்பதோ 162 ஆட்டம். ஆகவே ஏறக்குறைய பாதி இரவுகளில் அது வரவே வராது. வந்ததென்றே வைப்போம். எதிராளியிடம் இரண்டு ராஜா இருக்கிறது. இருவரும் முழுப் பணத்தையும் தள்ளிவிடுகிறார்கள். அப்பொழுதும் நூற்றுக்கு ஏறக்குறைய 18 முறை ராஜாக்காரன்தான் ஜெயிப்பான்.

4. தோற்றவன் ஏன் எழுந்து வருவதில்லை?

இங்கேதான் சகோதரர்களே, இந்த ஆட்டத்தின் விஷம் இருக்கிறது. முட்டாள்தனமாக ஆடித் தோற்றவன் தன்னை நொந்துகொண்டு எழுந்துவிடுவான். சரியாக ஆடித் தோற்றவனால் எழ முடிவதில்லை. “நான் செய்தது சரி; எனக்கு வரவேண்டிய பணம் அது; அவன் தப்பாக ஆடி என் பணத்தை எடுத்துக்கொண்டான்” என்று அவன் மனம் கொதிக்கிறது. தான் தோற்றதாகவே அவனுக்குத் தோன்றவில்லை. திருட்டுக் கொடுத்ததாகத் தோன்றுகிறது. எதிரே இருப்பவனை முன்பின் அறியான். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. முதல் காரணமாகத் திருமறை சொன்ன பகையும் வெறுப்பும் இதோ மேசையருகே வந்து உட்கார்ந்துவிட்டன.

பிறகு இன்னொரு 500 வெள்ளி. அது கடைக்காரனுக்குக் கொடுக்க வைத்திருந்த சரக்குப் பணமாக இருக்கலாம். மனைவியின் நகையை வைத்து வாங்கியதாக இருக்கலாம். இரவு மூன்று மணிக்கு எழுந்து வருகிறவனுக்கு இஷா போயிற்று. களைத்து விழுகிறவனுக்குச் சுபுஹும் போகிறது. இது இரண்டாவது காரணம். திருமறை சொன்னதில் எது குறைந்தது?

கடையில் நமக்கும் நஷ்டம் வருவதுண்டு. வெங்காயம் அழுகிவிட்டால் அழுகியதை ஒதுக்கி, நஷ்டத்தைப் பேரேட்டில் எழுதி, மறுநாள் கொள்முதலைக் குறைத்துக்கொள்கிறோம். போன வெங்காயத்தை மீட்க இரவோடு இரவாகப் பத்து மூட்டை வாங்குவதில்லை. சூதாடி அதைத்தான் செய்கிறான்.

அது எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்குச் சிங்கப்பூரில் நடந்தது ஒன்று சாட்சி. ஒரு பெரிய கம்பெனியின் நிதி நிர்வாகி, சூதில் விட்டதைப் பிடிக்க 1999 முதல் 2003 வரை கம்பெனியின் பெயரால் நான்கு வங்கிகளை ஏமாற்றி 11 கோடியே 70 லட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்குமேல் கடன் எடுத்தார். 2004இல் அவருக்கு 42 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் கணக்குத் தெரியாதவரல்லர். கணக்கே அவர் தொழில்.

5. “திறமை ஆட்டம்” என்ற வாதம்

தமிழ்நாட்டிலும் இந்த வாதம் நீதிமன்றம் ஏறியது. இணைய வழிச் சூதில் பணம் இழந்து பலர் தற்கொலை செய்துகொண்டதன் பேரில் 2022இல் சட்டசபை ஒரு தடைச் சட்டம் நிறைவேற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றை அந்தத் தடையிலிருந்து நீக்கியது. பின்னர் 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் வேறொரு சட்டம் இயற்றிற்று. திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சே வேண்டாம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும் கூடாது என்பது அதன் சாரம்.

நம் மார்க்க அறிஞர்கள் இந்த இடத்திற்கு எப்பொழுதோ வந்துவிட்டார்கள். சதுரங்கத்தில் அதிர்ஷ்டம் ஏது? முழுக்க மூளைதான். ஆனாலும் இரு தரப்பும் பந்தயப் பணம் வைத்தால் அதுவும் சூதே என்பது ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. ஆட்டத்தின் பெயரைக் கேட்காதீர்கள். ‘ஒருவன் இழந்தால்தான் மற்றவன் பெறுவான்’ என்ற நிபந்தனையோடு இருவரும் பணம் வைக்கிறார்களா என்று கேளுங்கள். வைத்தால் அது மைஸிர்.

6. வியாபாரமும் துணிச்சல்தானே?

ஆம், வியாபாரத்திலும் ஆபத்து உண்டு. ஆனால் ஒரு மூட்டை அரிசியை நாம் விற்றால், நமக்கு லாபம் வருகிறது. வாங்கியவர் வீட்டில் உலை கொதிக்கிறது. இருவரும் திருப்தியோடு பிரிகிறோம். மறுவாரம் அவரே திரும்பி வருகிறார். சூரத்துன் நிஸா 29ஆம் வசனம், ஒருவர் பொருளை ஒருவர் தகாத வழியில் உண்பதைத் தடுத்து, பரஸ்பர சம்மதத்துடன் நடக்கும் வியாபாரத்திற்கு மட்டும் வழிவிடுகிறது. சூது மேசையிலோ ஒரு மணி அரிசி விளைவதில்லை. வென்றவன் பையில் இருப்பது தோற்றவன் வீட்டு உலை.

நாலு நம்பருக்கும் இதே கணக்குத்தான். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒவ்வோர் எண்ணின்மேலும் ‘பெரியது’ என்ற முறையில் ஒரு வெள்ளி கட்டினால் 10,000 வெள்ளி. முதல் மூன்று பரிசு 2,500, 1,000, 500. பத்துச் சிறப்புப் பரிசு 180 வீதம். பத்து ஆறுதல் பரிசு 60 வீதம். ஆக மொத்தம் திரும்புவது 6,400 வெள்ளி. நூற்றுக்கு 36 நஷ்டம் என்று முன்கூட்டியே தெரிந்த சரக்கை நம்மில் எந்தக் கடைக்காரர் கொள்முதல் செய்வார்?

7. நாம் செய்யவேண்டியவை

முதலாவது: கல்லாவையும் வங்கி அட்டையையும் ஒருவர் கையிலேயே விட்டுவிடாதீர்கள். அன்றாடம் சிட்டையைச் சரிபாருங்கள். இது சந்தேகமல்ல, சோதனையிலிருந்து ஒரு சகோதரனைக் காப்பது.

இரண்டாவது: சம்பள முன்பணம் அடிக்கடி கேட்கும் பையனை அழைத்துத் தனியே பேசுங்கள். நாலு பேர் முன்னிலையில் மானத்தை வாங்கினால் அவன் ஆலோங்கிடம் போவான். அதற்குப் பிறகு அவனோடு சேர்த்து அவன் தாய் தந்தையரும் அழுவார்கள்.

மூன்றாவது: சூதாடித் திரும்பியவனிடம் ரொக்கம் கொடுத்து உதவாதீர்கள். வீட்டு வாடகையை வீட்டுக்காரரிடம் கட்டுங்கள். அரிசி பருப்பை மனைவியிடம் சேருங்கள். கடன் கழுத்தை நெரித்தால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே ஆலோசனைக்குக் கட்டணமில்லை. வங்கிக் கடனைத் தவணை மாற்றிக் கட்ட வழி காட்டுவார்கள்.

நான்காவது: நம் கடையையோ கடை முகப்பையோ சூதுக்கு வாடகைக்கு விடாதீர்கள். பாவத்திற்குத் துணைபோகாதீர்கள் என்பது சூரத்துல் மாயிதா 2ஆம் வசனத்தின் போதனை. அந்த வாடகையில் பரக்கத் இராது.

ஐந்தாவது: சூதில் வென்ற பணம் கையில் இருந்தால் அது நம் சொத்தல்ல. உரியவர் தெரிந்தால் அவரிடமே திருப்பவேண்டும். தெரியாவிட்டால் பொது நன்மைக்குக் கொடுத்துக் கழித்துவிட வேண்டும். அதில் ஸதக்காவின் நன்மையை எதிர்பார்க்கக் கூடாது என்பது உலமாக்கள் சொல்வது. விவரத்தை உங்கள் இமாமிடம் கேட்டுத் தெளிக.

கடைசியாக ஒன்று. “வா, சூதாடுவோம்” என்று தோழனை அழைத்துவிட்டவன்கூட அதற்குப் பரிகாரமாகத் தருமம் செய்யட்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததாக புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் வந்திருக்கிறது. வாயால் அழைத்த அளவுக்கே பரிகாரம் என்றால் ஆட்டத்தின் பாவம் எவ்வளவு பெரிது என்று அஞ்சுவோம். அதே வேளையில் இன்னொன்றையும் நினைப்போம்: பரிகாரம் சொல்லப்பட்டதே, திரும்பும் வழி திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். தோற்று நிற்கும் நம் பிள்ளைக்கு அந்த வழியைக் காட்டவேண்டியவர்கள் நாம்தாம்.

நம் பேரேட்டில் ஹலாலான வரவை மட்டும் எழுதும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.