பேச்சுப் பிரிவின் முதல் தலைவி

அன்புள்ள கயல்விழி,

வானொலி நிலையத்தில் பகுதிநேர அறிவிப்பாளராகச் சேர்ந்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மகிழ்ச்சி. ‘மைக் முன்னால் உட்காருவதோடு சரி, நிலையத்தை நடத்தும் நாற்காலியில் நம்மை யார் உட்கார வைப்பார்கள்?’ என்று நீ அலுத்துக்கொண்டதாகவும் சொன்னாள். அதற்குத்தான் ஹில்டா மாத்திசனைப் பற்றி இந்தக் கடிதம்.

1888இல் பிறந்த ஆங்கிலேயப் பெண்மணி. ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்தார். முதல் உலகப்போரின்போது பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை. பிறகு, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முதன்முதலாக அமர்ந்த பெண் உறுப்பினர் நான்சி ஆஸ்டரிடம் அரசியல் செயலாளர். எந்த விஷயத்துக்கு யாரைப் பிடிப்பது, அவரை எப்படி வரவழைப்பது என்பதெல்லாம் மாத்திசனுக்கு அத்துப்படி. பிபிசியின் தலைவர் ஜான் ரீத் 1926இல் அவரைத் தம் நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார். மறு ஆண்டே, தனியார் கம்பெனியாக இருந்த பிபிசி அரச சாசனம் பெற்ற பொது நிறுவனமானது. அதன் பேச்சுப் பிரிவுக்கு முதல் இயக்குநர் மாத்திசன்தான்.

அக்காலத்தில் வானொலிக்கு வந்தவர்களில் பலர் மேடையில் முழங்குவதுபோல் முழங்கினார்கள். இல்லையென்றால் கட்டுரையை ஒப்பித்தார்கள். கேட்கிறவரோ தம் வீட்டுக் கூடத்தில் தனியே உட்கார்ந்திருப்பவர். மாத்திசன் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பேச்சாளரை முன்கூட்டியே வரவழைத்து ஒத்திகை பார்ப்பார். காதில் நிற்காத வாக்கியத்தை மாற்றச் சொல்வார். எதிரே ஒரே ஒருவர் இருப்பதாக நினைத்துப் பேசப் பழக்குவார். எச்.ஜி. வெல்ஸ் போன்ற பெரிய எழுத்தாளர்களையும் அந்த ஒலிவாங்கிக்கு முன் கொண்டுவந்தவர் அவர்தான். (நம் ஊர் பண்பலை நிலையங்கள் சிலவற்றுக்கு இந்தப் பாடம் இன்னும் எட்டவில்லை!)

1928இல் 21 வயதான பெண்கள் எல்லோருக்கும் பிரிட்டனில் வாக்குரிமை கிடைத்தது. வாக்கு வந்துவிட்டது, நாடாளுமன்றத்தில் நடப்பதை யார் விளக்குவது? மறு ஆண்டு மாத்திசன் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார். பெண் உறுப்பினர்களே வந்து, வீட்டிலிருக்கும் பெண்களுக்கு அந்த வார நடப்பைச் சொன்னார்கள். ‘தி வீக் இன் வெஸ்ட்மின்ஸ்டர்’ என்ற பெயரில் அது பிபிசி ரேடியோ 4இல் இன்றும் தொடர்கிறது.

அரசியல் சர்ச்சைகளைப் பேச இருந்த தடையும் 1928இல் நீங்கியிருந்தது. மாத்திசன் அந்த வாய்ப்பைத் தயங்காமல் பயன்படுத்தினார். பழைமைவாதிகள் முகம் சுளித்தார்கள். ரீத்துக்கும் மனம் கசந்தது. 1931இல் எழுத்தாளர் ஹெரால்டு நிக்கல்சன் நவீன இலக்கியம் பற்றிய தொடரில் ஜேம்ஸ் ஜாய்ஸைப் பேச முற்பட்டபோது விவகாரம் முற்றியது. ஜாய்ஸின் ‘யுலிசஸ்’ அப்போது பிரிட்டனில் தடைசெய்யப்பட்ட நாவல். மேலிடத்தின் கெடுபிடிக்கு மாத்திசன் வளையவில்லை, வேலையை விட்டார். அதனால் ரீத் மாறிவிடவில்லை. பேச்சுப் பிரிவும் பிறகு அடக்கியே வாசித்தது. நிறுவனத்துக்குத்தான் நஷ்டம் என்பேன்.

வெளியே வந்தவர் 1933இல் ஒலிபரப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1940இல், 52 வயதில், அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தார்.

நமக்கும் இதில் ஓர் உறவு உண்டு. மாத்திசனின் பிரிவில் தொழில் பழகிய லயனல் ஃபீல்டன்தான் 1935இல் இந்தியா வந்து இங்குள்ள ஒலிபரப்புக்குத் தலைமை ஏற்றார். ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்ற பெயர் மறு ஆண்டு அவர் காலத்தில் வந்ததுதான்.

உன் அடுத்த நிகழ்ச்சிக்கு எழுதியதை வாய்விட்டுப் படித்து, பதிவுசெய்து அனுப்பு. எங்கே காது சலிக்கிறது என்று கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா