ஆட்டக்காரனின் ஓராண்டு: ஒரு கணக்காய்வு

விளையாட்டையே தொழிலாகக் கொண்டவனுக்கு ஓராண்டு என்பது எவ்வளவு நீளம்? காலண்டரில் எல்லோருக்கும் 365 நாட்கள்தாம். ஆனால் தன் திறமையைக் காட்ட அவனுக்குக் கிடைக்கும் வாய்ப்புகள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுபடுகின்றன. கணிதம் பயிலும் மாணவன் என்ற முறையில் இதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்க விழைகிறேன்.

முதலில் நம் சேப்பாக்கம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4-ஆம் நாள் இங்கேதான் நடந்தது. மைசூர் அணி 48, 59 என்ற ஓட்டங்களுக்குச் சுருண்டது. சென்னை அணி 130 ஓட்டங்கள் எடுத்து இன்னிங்ஸ் வெற்றி கண்டது. ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். தோற்ற அணி வெளியேறும் முறை அன்று இருந்தது. ஆகவே மைசூர் வீரர்களின் ரஞ்சி ஆண்டு ஒரே நாளில் முடிந்துபோயிற்று!

இன்று நிலைமை மாறியிருக்கிறது. மேல்நிலைப் பிரிவில் ஒவ்வோர் அணிக்கும் குழுச் சுற்றில் 7 ஆட்டங்கள் உண்டு. ஆட்டத்துக்கு இருமுறை மட்டை பிடித்தாலும் மொத்தம் 14 வாய்ப்புகளே. மழை குறுக்கிட்டால் அவையும் குறையும்.

இதனுடன் அமெரிக்க பேஸ்பாலை ஒப்பிடுவோம். அங்கே முதன்மை அணி ஒன்று ஏறத்தாழ ஆறு மாதங்களில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அணியில் நிலைத்த மட்டையாளர் ஓராண்டில் 500 முறையேனும் பந்தைச் சந்திக்க நிற்பார்.

இனி கணக்குக்கு வருவோம். நூறு முறைக்கு 27 முறை வெற்றிகரமாக அடிக்கும் பேஸ்பால் வீரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 500 வாய்ப்புகளில், அதிர்ஷ்டத்தால் மட்டும் அவர் கணக்கில் நேரக்கூடிய திட்டப்பிழை நூற்றுக்கு சுமார் 2. அதாவது அவருடைய சராசரியில் 7 விழுக்காடு.

நம் கிரிக்கெட் மட்டையாளரின் உண்மையான சராசரி 40 என்போம். அவர் இன்று பூஜ்யம், நாளை சதம் எடுப்பவர். எனவே திட்ட விலக்கமும் 40 அளவில் இருப்பதாகக் கொள்வோம். அதை 14-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை ஏறத்தாழ 10.7 வருகிறது. இது 27 விழுக்காடு! திறமை சிறிதும் மாறாமலே அவர் ஓராண்டு 30-உம், மறு ஆண்டு 50-உம் சராசரியாகப் பெறலாம். முன்னதைக் கண்டவர் ‘ஆட்டம் போய்விட்டது’ என்பார். பின்னதைக் கண்டவர் ‘அடுத்த இந்திய வீரர்’ என்பார். இருவருமே அவசரப்பட்டவர்கள்.

இப்பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு வாய்ப்புகள் வேண்டும். அதாவது நான்கு ஆண்டுகள். அதுவரை அவனுக்குச் சோறு போடுவது யார்?

பேஸ்பாலில் இதற்கு ஒரு வழி உண்டு. ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற வடநாட்டு இளைஞர் இருவர் 2008-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 2009-இல் அவர்களைக் கீழ்நிலை லீகில் ஆடவிட்டார்கள். கற்கும் காலத்திலேயே ஆட்டமும் ஊதியமும் கிடைத்தன.

நம் சென்னைக்கும் அத்தகைய வழி ஒன்று உண்டு. அதுவே கம்பெனி அணிகள் ஆடும் லீக். ஸ்டேட் வங்கி, இந்தியா பிஸ்டன்ஸ், இந்தியா சிமெண்ட்ஸ், கெம்ப்ளாஸ்ட் போன்றவை அணிகளை ஆதரித்து வந்திருக்கின்றன. மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரி மைதானத்திலும், அடையாறை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடக்கும் லீக் ஆட்டங்களைச் சிலர் பொழுதுபோக்காகக் கருதக்கூடும். கணக்குப்படி பார்த்தால் அவை செய்யும் தொண்டு பெரிது. வீரனுக்குக் கூடுதல் இன்னிங்ஸ் தருகின்றன; வேலை கிடைத்தவனுக்குக் காத்திருக்கத் தெம்பும் தருகின்றன.

காத்திருப்பது எல்லோராலும் இயல்வதன்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எங்களைப் போன்ற வீடுகளில் ‘இந்த ஆண்டு சரியில்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று சொல்ல எளிதில் வாய் வராது. தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் டென்னிஸ் பந்தை விளாசும் பையனின் வீடும் அப்படி இருக்கலாம். வசதியுள்ளவன் நான்கு ஆண்டு தாக்குப்பிடித்துத் தன் உண்மைச் சராசரியை நிலைநாட்டுவான். இல்லாதவன் முதலாண்டு எண்ணோடு வீடு திரும்புவான். அப்போது தேர்வாவது திறமையா, வசதியா?

ஆகவே நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டுத் துறையின் ஸ்கோர் புத்தகங்களை ஆண்டுதோறும் பாதுகாத்து வைப்போம். ஒருவரை அணியிலிருந்து நீக்குமுன் முந்தைய ஆண்டுகளின் கணக்கையும் கூட்டிப் பார்ப்போம். அக்கூட்டலைச் செய்ய எங்கள் வகுப்பு மாணவர்கள் அணியமாயிருக்கிறார்கள்.