மலை ஏறும் முன்பே ஸ்டேஷனை செட் செய்துவிடுங்கள்

லாரியின் டச் ஸ்கிரீனில் எந்த ரேடியோ ஸ்டேஷனை எந்த இடத்தில் வைப்பது என்பதை அவரவர் ரசனைக்கு விட்டுவிடுகிறோம். மலைப்பாதையைப் பொறுத்தவரை அதைப் பாதுகாப்பு வேலைகளில் ஒன்றாகவே சேர்க்க வேண்டும் என்பேன். வத்தலக்குண்டிலிருந்து பெருமாள்மலை வழியாகக் கொடைக்கானல் ஏறும் சாலையில் லோடு வண்டிக்கு 30 கி.மீ. வேகமே அதிகம். அந்த வேகத்திலும் வண்டி நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் நகர்கிறது. திரையில் பட்டனைத் தேடி இரண்டு நொடி கண்ணைத் திருப்பினால், 16 மீட்டர் சாலை பார்க்கப்படாமலே போய்விடும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் தந்த வழிகாட்டுதலும், இத்தகைய வேலைக்காகக் கண்ணை எடுக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு நொடியைத் தாண்டக் கூடாது என்கிறது. கொண்டை ஊசி வளைவில் அந்த இரண்டு நொடியும் கிடைக்காது. பழைய ரேடியோவின் திருகை விரல் தானாகக் கண்டுபிடிக்கும். வழவழப்பான கண்ணாடித் திரையில் விரலுக்குப் பிடி கிடையாது, கண்தான் வழிகாட்ட வேண்டும். ஆகவே மேலே போய்ச் செய்ய வேண்டிய தேடல் எதையும் மிச்சம் வைக்காமல், வண்டி நிற்கும்போதே முடித்துவிட வேண்டும்.

மலையில் தேடத் தூண்டுவதே அலையின் இயல்புதான். பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்கிறது. நடுவில் மலை மடிப்பு வந்தால் அதன் நிழலில் ஒலி தேய்ந்து இரைச்சலாகிவிடும். வளைவு திரும்பியதும் அதே ஸ்டேஷன் தெளிவாகத் திரும்பி வரும். இது தெரியாதவர் இரைச்சல் கேட்டவுடன் தேடு பட்டனை அழுத்துகிறார். தெரிந்தவர் அடுத்த வளைவு வரை பொறுக்கிறார். இன்னொரு சிக்கலும் உண்டு. சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, ஹலோ 106.4 ஆகிய மூன்றும் மதுரை, கோவை இரண்டு ஊர்களிலும் அதே எண்ணில்தான் ஒலிக்கின்றன. உயரமான இடத்தில் இரு ஊர் அலைகளும் எட்டினால், வலுவானதையே ரேடியோ பிடித்துக்கொள்ளும். வண்டி திரும்பத் திரும்ப அது மாறவும் செய்யும். பழுது என்று நினைத்துத் திரையைத் தட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரே எண் இரண்டு ஊருக்கும் உதவுவதால், நினைவில் வைக்க வேண்டிய ஸ்டேஷன்கள் குறைகின்றன என்பதே இதில் நமக்கு லாபம்.

எனவே நான்கு போதும் என்பது என் முடிவு: அந்த மூன்றோடு அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் நிலையம், 100.5. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரோடு இயங்குவதால் அது தேனி, திண்டுக்கல், மதுரை தாண்டியும் கேட்கிறது. பூம்பாறைப் பூண்டையோ மன்னவனூர் கேரட்டையோ ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இறங்கும் வண்டிக்கு, பயணத்தின் பெரும்பகுதியில் துணைவரக்கூடியது அதுதான். அதை எங்கே வைப்பது? நம் வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். திரை அவருக்கு இடக்கைப் பக்கம். வரிசைக்கு மூன்று பட்டன் உள்ள திரையில் ஒன்றாம் இடம் அவருக்குத் தூரம். மூன்றும் ஆறும்தான் பக்கம். ஆறாம் இடம் மூலையில் இருந்தால், கட்டை விரலைத் திரைச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு பாராமலே தொடலாம். 100.5ஐ அங்கே வையுங்கள்.

செட் செய்யும்போது மூன்றைச் சரிபாருங்கள். ரேடியோவின் நாட்டுத் தேர்வு அமெரிக்கா என்றிருந்தால் எண்கள் 0.2 வீதம் தாவும், 100.5 கிடைக்கும், 106.4 கிடைக்கவே கிடைக்காது. லோக்கல் என்ற தேர்வு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். தேடும்போது வலுவற்ற அலைகளில் நிற்காது. சாவியை எடுத்ததும் செட் செய்தவை அழிந்தால், நினைவகத்துக்குரிய ஒயர் பேட்டரியோடு நேரடியாக இணைக்கப்படாமல் சாவி ஒயரோடு சேர்க்கப்பட்டிருக்கலாம். எலக்ட்ரீஷியனிடம் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆட்டோ ஸ்டோர் எல்லாவற்றையும் தானே செய்துவிடுமே என்பார்கள். அது பழைய வரிசையின் மேலேயே எழுதிவிடுகிறது. மலை நிழலில் அழுத்தினால் அந்த நிமிடம் சிக்கியவைதான் பதியும். ஸ்டீயரிங் பட்டன் இருக்கிறதே என்றால், நல்லதுதான். ஆனால் அதுவும் நாம் வைத்த வரிசைப்படிதான் நகரும், வரிசை தாறுமாறாக இருந்தால் நான்கைந்து முறை அழுத்த வேண்டும். போனில் பாட்டுக் கேட்கலாம் என்பது இளைஞர்களின் வாதம். சிக்னல் அறுந்தால் கை போனுக்குப் போகும், அது திரையைவிட ஆபத்து. மலையில் ரேடியோவே வேண்டாம் என்பவர்களின் வாதம்தான் எல்லாவற்றிலும் கனமானது. மூடுபனியிலும் குறுகிய வளைவிலும் எதிர் வண்டியின் ஹார்ன் காதில் விழ வேண்டும்; அங்கே ஒலியை நிறுத்திவிட வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் விடியும் முன் லோடோடு இறங்கும் ஓட்டுநருக்குப் பேச்சுக்குரல் தரும் விழிப்பை முழுக்கப் பறிக்கவும் கூடாது. ஆகவே நிறுத்தும் பட்டன் எங்கே என்பதையும் புறப்படும் முன் விரலுக்குப் பழக்கிவிடுங்கள். ஒரே வண்டியை இருவர் மாறி மாறி ஓட்டினால், இருவரும் ஒரே வரிசைக்கு ஒப்புக்கொள்வது அவசியம். ஒருவர் தன் விருப்பத்துக்கு மாற்றினால், மற்றவர் வளைவில்தான் அதைக் கண்டுபிடிப்பார்.