வெயிலுக்கு ஒரு துணி, கடலுக்கு ஒரு துணி



தீபாவளி, பொங்கலுக்குத் துணி எடுக்கும்போது நாலு கடை ஏறி இறங்கிப் பார்க்கிறோம். ஆனா, தினமும் வெயிலில் மீன் விற்கவும், களை எடுக்கவும், கருவாடு காயப்போடவும் கட்டுற துணியை யாராவது யோசித்து எடுக்கிறோமா? "பழசு இருக்கு, அது போதும்" என்று விட்டுவிடுகிறோம். உடம்பு படுற பாட்டில் பாதிக்கு அந்தத் துணிதான் காரணம். பிள்ளைச்சாவடி போன்ற கடலோர ஊரில் ஆண்கள் கடலுக்கும் பெண்கள் ரோட்டுக்கும் போகிறார்கள். ரெண்டு பேருக்கும் ஒரே துணி சரிப்படாது. இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

துணியைத் தெரிந்துகொள்வோம்

பருத்தி நூல் தண்ணீரை உறிஞ்சும். வியர்வையை வாங்கிக் காற்றில் விடும், உடம்பு குளிரும். பாலியஸ்டர் நூல் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. சாதாரண காற்றில் பருத்தி தன் எடையில் 100-க்கு 8 பங்கு ஈரம் வைத்திருக்கும். பாலியஸ்டரில் அரைப் பங்குகூட இருக்காது. அதனால்தான் கெட்டியான பாலியஸ்டர் புடவை கட்டினால் வியர்வை உள்ளேயே நின்று புழுங்குகிறது, வேர்க்குரு வருகிறது.

அப்படியென்றால் பாலியஸ்டர் கெட்டதா? இல்லை. அது சீக்கிரம் காயும், சுருங்காது, நாள்பட உழைக்கும். பருத்தி நனைந்தால் கனக்கும், காய நேரமாகும். மழைக்காலத்தில் ராத்திரி கடலில் நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றில் நின்றால், உடம்புச் சூட்டை அது இழுத்துக்கொண்டே இருக்கும். நடுக்கம் வரும், கை விறைக்கும். வலை இழுக்கிற கைக்கு அது ஆபத்து.

எந்த வேலைக்கு எது?

வெயிலில் நிற்க, நடக்க: பருத்தி, வெளிர் நிறம், தளர்வான தையல், முழுக்கை. நெசவு ரொம்ப மெல்லிசாக இருந்தால் வெயில் உள்ளே இறங்கும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கை விரல் பளிச்சென்று தெரிந்தால் அது வெயிலுக்கு ஆகாது.

கூடை சுமக்க: சும்மாட்டுக்குப் பருத்தித் துண்டு. கூடைக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் மீன் தண்ணி தோளில் இறங்காது. உப்பு காய்ந்த துணி தோலை உரசிப் புண்ணாக்கும். அன்றன்றே நல்ல தண்ணியில் அலசுங்கள்.

கடலுக்கு: உள்ளே சீக்கிரம் காயும் கலப்புத் துணி, மேலே மழைக்கும் காற்றுக்கும் நைலான் சட்டை. நிறம் முக்கியம். நீலச் சட்டை கடல் தண்ணியோடு கலந்துவிடும். தவறி விழுந்தவரைத் தேடினால் கண்ணுக்குத் தெரியாது. ஆரஞ்சும் பளிச்சென்ற மஞ்சளும் தூரத்திலேயே தெரியும். உயிர்காப்புச் சட்டைக்கு ஆரஞ்சு நிறம் கொடுப்பது அதனால்தான். எந்தத் துணியும் அந்தச் சட்டைக்கு மாற்று ஆகாது. எஞ்சின் பக்கம் தொங்குற லுங்கி, துண்டு வேண்டாம்.

அடுப்பு, எஞ்சின் பக்கம்: பருத்தியும் எரியும். ஆனா, பாலியஸ்டரும் நைலானும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், காயம் ஆழமாகும். சமைக்கும்போது பருத்திதான் கட்ட வேண்டும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொல்வதைச் சோதிப்பது எப்படி?

"நூறு சதம் காட்டன்" என்பார்கள். கொஞ்சம் துண்டு வாங்கி, நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாசனை வந்து சாம்பல் மெத்தென்று உதிர்ந்தால் பருத்தி. சுருங்கி, உருகி, கெட்டியான மணி போல நின்றால் பாலியஸ்டர். ரெண்டும் இருந்தால் கலப்பு. குழந்தைகளைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

பருத்தி வாங்கினால் வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி ஊறப்போட்டுக் காயவையுங்கள். இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கும்.

விலையைக் கணக்குப் போடுவோம்

ஒரு சட்டை 120 ரூபாய், 4 மாதம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று 200 ரூபாய், 10 மாதம் உழைக்கும். முதலாவதுக்கு மாதம் 30 ரூபாய் ஆகிறது, ரெண்டாவதுக்கு 20 ரூபாய்தான். எது மலிவு? தையல் தெரிந்த உறுப்பினர்கள் சேர்ந்து மொத்தமாகத் துணி எடுத்து வேலைச் சட்டை தைத்தால் இன்னும் குறையும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில் வீட்டில் ஆண்கள் இருப்பார்கள். அவர்களை நிற்கவைத்தே அளவெடுக்கலாம்.

துணி நமக்குப் புதுசு இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியின் நீலப் பருத்தித் துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. 1898-இல் தொடங்கிய ரோடியர் மில், அதாவது ஏ.எஃப்.டி. ஆலை, எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அது 2020-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனா, துணியைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்லுற பெரியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கூட்டத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

1. உங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர் சட்டை என்ன நிறம்?
2. ஒவ்வொருவரும் ஒரு பழைய துணி கொண்டுவந்து நூல் சோதனை செய்யுங்கள். எத்தனை பேர் நினைத்தது சரியாக இருந்தது?
3. வேலைத் துணிக்கு ஒரு வருஷம் எவ்வளவு செலவாகிறது? சேர்ந்து வாங்கினால் எவ்வளவு மிச்சம்? கணக்கைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.